இரண்டு டி

ஐந்து ரோட்டில், அடித்தளத்தில் எங்கள் லேப்.
பகலும் டியூப்லைட், இரவும் டியூப்லைட்.
சேலத்து வெயில் ஏழாவது படிவரை இறங்கி வரும்,
செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கும்,
திரும்பிப் போய்விடும்.

மாதக் கடைசியில் ரீஏஜென்ட் மிஞ்சியது.
சும்மா என் ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்தேன்.
வைட்டமின் டி, ஒன்பது புள்ளி நான்கு.
பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு.
"என்னடி இது, சேலத்துல இருந்துகிட்டு
வெயில் பஞ்சமா?" என்றாள் மெகருன்னிசா.
சிரித்துக்கொண்டே சட்டைக் கையை இழுத்து
முழங்கையை மூடினேன்.

மூன்று வருடமாய் அங்கே செதில்.
தோல் டாக்டர் சொன்னார்: கிருமி எதுவும் இல்லைம்மா,
உன் டி செல்தான்
உன் தோலையே திருடன் என்று நினைத்து அடிக்கிறது.

டி செல், வைட்டமின் டி.
இங்கிலீஷில் வேறு வேறு எழுத்து.
நம் எழுத்தில் இரண்டும் ஒரே டி.
ரிப்போர்ட் அடிக்கும்போதெல்லாம் குழம்புவேன்.
குழப்பத்திலும் ஏதோ நியாயம் இருந்திருக்கிறது.

கிருமியின் துண்டை யாராவது காட்டும்வரை
டி செல் ரத்தத்தில் சும்மாதான் திரியும்.
காட்டியதும் விழித்துக்கொள்ளும்.
விழித்த கையோடு தனக்குள்
ஒரு கிண்ணத்தை எடுத்து வைக்கும்,
அந்த இன்னொரு டி வந்து விழட்டும் என்று.
விழுந்தால் சண்டைக்குக் கிளம்பும்.
"போதும், கையைக் கீழே போடு"
என்று பிறகு அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டாம்.
விழாவிட்டால்?
சில எழாமலே கிடக்கும்.
சில எழுந்துவிடும், நிறுத்தத் தெரியாமல்.
முழுக் கணக்கு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை
என்கிறார் டாக்டர்.

தோலில் பட்ட வெயில் நேரே அங்கே போவதில்லை.
ஈரலில் ஒரு பஸ், சிறுநீரகத்தில் இன்னொரு பஸ்,
ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி.
மாறி ஏறி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி
இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றினால்தான்
மேலே காத்திருக்கிறவன் முகம் தெரியும்.

அந்த வாரம் ஆத்தூர் ரோட்டில்
ஒரு ஜவ்வரிசி ஆலையில் முகாம்.
களம் முழுக்க மாவு.
அதன் வெள்ளையைப் பார்த்தால் கண் தானே மூடிக்கொள்ளும்.
செங்கமலம் பலகையால் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
பத்து மணி நேரம், பதினேழு வருடம்.
இவளுக்கு எழுபதாவது இருக்கும் என்று
மனசுக்குள் எழுதிக்கொண்டே ஊசி போட்டேன்.

பதினொன்று.

கன்ட்ரோலைப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன்.
பதினொன்றுதான்.

அப்புறம்தான் அவள் ஞாபகத்துக்கு வந்தாள்:
புருஷனின் முழுக்கைச் சட்டை,
தலையிலிருந்து கழுத்துவரை துண்டு,
சூடு தாங்காமல் கையில் பழைய சாக்ஸ்.
வெயிலுக்கு என்று அவள் விட்டு வைத்தது
இரண்டு கண் மட்டும்.

போனில் சொன்னேன். சிரித்தாள்.
"வெயிலுதான் எங்களத் திங்குது,
நாங்க எங்க வெயிலத் திங்கறது?"
வாரம் ஒரு பாக்கெட், பாலில் கலந்து, என்றேன்.
"பாலுக்கு எங்கம்மா போறது,
நீச்சத்தண்ணியில கலக்கலாமா?"
கொழுப்போடு போனால்தான் ஒட்டும் என்று படித்தது
தொண்டைவரை வந்தது.
டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இப்போது பதினொன்றரை.
மொட்டை மாடியில் நிற்கிறேன்,
இரண்டு கையும் தோள்வரை சுருட்டி.
எதிர்வீட்டுக்காரர் துணி காயப்போடுவதை
நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். பார்க்கட்டும்.
செதிலில் வெயில் ஊசியாய்க் குத்துகிறது.
சேர்வராயன் பக்கமிருந்து ஒரு மேகம்
அவசரமில்லாமல் நகர்ந்து வருகிறது.

அது வந்து சேர
எப்படியும் ஆறேழு நிமிடம் ஆகும்.
கீழே போன் அடிக்கிறது.
செங்கமலமாக இருக்கலாம்.